எக்கிபென்: ஜப்பானிய ரயில் நிலையங்களின் ஊர்ச்சுவை

எக்கிபென் என்பது ஜப்பானின் ரயில் நிலையங்களில் விற்கப்படும் பெட்டி உணவு ஆகும். ஜப்பானிய மொழியில் 'எக்கி' என்றால் ரயில் நிலையம். 'பெந்தோ' என்பது ஒருவர் உண்ணும் அளவுக்குச் சோறும் கறிவகைகளும் அடைத்த பெட்டி. கட்டுச்சோற்றின் ஜப்பானிய வடிவம் எனலாம். இவ்விரு சொற்களும் சேர்ந்து சுருங்கி எக்கிபென் ஆயிற்று.

ரயில் பயணத்தில் உணவு விற்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். ஒவ்வொரு நிலையமும் தன் ஊரில் விளைவதையும் தன் கடலில் கிடைப்பதையும் பெட்டியில் அடைத்து, அந்த ஊரின் அடையாளமாகவே விற்பது ஜப்பானில் வளர்ந்த தனி மரபு. ஓர் ஊரில் இறங்காமல் கடந்து போகிற பயணிக்கும் அந்த ஊரைப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்துவிடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் மீன் எந்த ஆற்றுடையது, சோறு ஏன் புளிக்கிறது, பாத்திரம் ஏன் மண்ணால் ஆனது என்று கேட்கத் தொடங்கினால் அந்தப் பகுதியின் நிலவியலும் வரலாறும் விடையாக வரும். ரயில்கள் மெதுவாக ஓடிய காலத்தில், அந்த மெதுவான ஓட்டத்தை நம்பி வளர்ந்த தொழில் இது. ரயில்கள் விரைந்தபோது அதற்கு நேர்ந்தது என்ன என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

தோற்றம்

ஜப்பானின் முதல் ரயில் பாதை 1872இல் தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம் அது. வழியில் யாருக்கும் பசிக்கவில்லை. பாதைகள் நீண்ட பிறகே உணவின் தேவை எழுந்தது.

முதல் எக்கிபென் எங்கே விற்கப்பட்டது என்பதில் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. பரவலாகச் சொல்லப்படுவது தோக்கியோவுக்கு வடக்கே உள்ள உத்சுனோமியா. 1885 ஜூலை 16 அன்று அங்கே ரயில் வந்தபோது, உள்ளூர் விடுதி ஒன்று இரண்டு சோற்று உருண்டைகளையும் சில துண்டு முள்ளங்கி ஊறுகாயையும் மூங்கில் பாளையில் சுற்றி விற்றது. உருண்டைகளுக்கு நடுவே உமெபோஷி எனப்படும் உப்பிலிட்ட ப்ளம் காய் இருந்தது. விலை 5 சென். 100 சென் ஒரு யென்.

கறிவகைகளுடன் கூடிய பெட்டி 1889இல் ஹிமேஜி நிலையத்தில் வந்ததாகக் கூறுவர். அதன் அமைப்பு 'மக்குனோஉச்சி' எனப்படும். நாடகத்தில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் திரை விழுந்திருக்கும் நேரத்தில் உண்ணும் பெட்டி என்பது அச்சொல்லின் வழி. எதோ காலத்து நாடக அரங்குகளில் பழகிய உணவு அப்படியே ரயிலேறியது. சோறு, மீன் துண்டு, முட்டைப் பணியாரம், வேகவைத்த காய்கள் எனப் பலவும் சிறிது சிறிதாக இருக்கும்.

நடைமேடையில் கழுத்தில் பலகைத் தட்டை மாட்டிக்கொண்டு கூவி விற்பவரிடம், ரயில் பெட்டியின் சன்னலைத் திறந்து கை நீட்டி வாங்குவதே பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. தேநீரும் சிறு மண்கூசாவில் விற்கப்பட்டது. உணவுப் பெட்டியின் மேல் சுற்றப்பட்ட தாளில் அந்த ஊரின் மலை, கோயில், அருவி ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். காலிப் பெட்டிகளைச் சன்னல் வழியே வீசாதீர்கள் என்ற வேண்டுகோளும் பழைய தாள்கள் பலவற்றில் காணப்படுகிறது. எல்லா நாட்டு ரயில் பயணிகளும் ஒரே இனம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இத்தாள்களைச் சேகரிப்போர் இன்றும் உள்ளனர்.

ஆறிய சோற்றின் நுட்பம்

எக்கிபென் பெரும்பாலும் ஆறிய உணவு. வெளிநாட்டவருக்கு இது முதலில் ஏமாற்றமாகத் தோன்றும். ஆனால் ஆறிய பின் உண்பதற்கென்றே சமைக்கப்படுவதுதான் இதன் தனித்தன்மை.

ஜப்பானில் உண்ணப்படும் குட்டையான அரிசியில் அமைலோஸ் என்னும் மாவுச்சத்து குறைவு. அமைலோஸ் மிகுந்த நீள அரிசிச் சோறு ஆறியதும் விறைத்து உதிரும். இந்தச் சோறு ஆறினாலும் மென்மையும் ஒட்டும் தன்மையும் நெடுநேரம் இருக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் எந்தச் சோறும் விரைவில் விறைத்துவிடும் என்பதால் எக்கிபென் பொதுவாக அறை வெப்பத்திலேயே வைத்து விற்கப்படுகிறது. ஆகவே சமைத்த அன்றே உண்ண வேண்டும்.

அதுவரை கெடாமல் இருக்க உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் துணை செய்கின்றன. உமெபோஷியின் அமிலமும் உப்பும், சூஷிச் சோற்றில் சேரும் வினிகரும் நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தடுக்கும். பயணத்துக்குப் புளியோதரை கட்டுவதில் உள்ள அறிவும் இதுவே. ஆறிய உணவில் நாக்குக்குச் சுவை மங்கித் தெரியும் என்பதால், மீனும் இறைச்சியும் வீட்டுச் சமையலைவிடச் சற்று அழுத்தமாக சோயா சாறிலும் சர்க்கரையிலும் வேகவைக்கப்படுகின்றன.

சூடாகவே வேண்டும் என்போருக்கும் ஒரு வழி உண்டு. சில பெட்டிகளின் அடியில் சுட்ட சுண்ணாம்பும் நீர்ப்பையும் தனித்தனியே இருக்கும். வெளியே தொங்கும் நூலை இழுத்தால் பை கிழிந்து நீர் சுண்ணாம்பில் கலக்கும். அந்த வேதிவினையின் வெப்பத்தில் சில நிமிடங்களில் உணவு ஆவி பறக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. செந்தாய் நகரின் மாட்டு நாக்கு வறுவல் பெட்டிகள் இம்முறையில் பெயர்பெற்றவை.

பெட்டிக்குள் ஊர்

ஜப்பான் கடலோரத்தில் உள்ள தொயாமாவின் 'மாசு நோ சூஷி' 1912 முதல் நிலையத்தில் விற்கப்படுகிறது. மாசு என்பது சால்மன் இனத்தைச் சேர்ந்த மீன். கடலிலிருந்து ஆற்றில் ஏறி வருவது. அம்மீனை உப்பும் வினிகரும் சேர்த்துப் பதப்படுத்தி, வினிகர்ச் சோற்றின் மேல் பரப்பி, மூங்கில் இலைகளால் மூடி, வட்டமான மரப்பெட்டியில் அழுத்துவார்கள். மேலும் கீழும் மூங்கில் பட்டைகள் வைத்து இறுக்கிக் கட்டியிருப்பதால் பயணத்திலும் அழுத்தம் தொடரும். திறந்ததும் பச்சை இலை, அதை விரித்தால் இளஞ்சிவப்பு மீன். கத்தியால் அப்பம்போல் கூறுபோட்டு உண்ண வேண்டும். ஊர் நடுவே ஓடும் ஜின்சு ஆறு, அதில் ஏறிவந்த மீன், சுற்றுமலைகளின் மூங்கில் ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் அடங்குகின்றன. ஆற்றில் மீன்வரத்து குறைந்துவிட்டதால் இன்று மீன் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது, செய்முறைதான் உள்ளூருடையது.

வடக்குத் தீவான ஹொக்கைதோவின் மோரி என்னும் சிறிய நிலையத்தில் பிறந்தது 'இக்காமேஷி'. கணவாய் மீனின் உடல் ஒரு பைபோல இருக்கும். அதற்குள் அரிசியை இட்டு, வாயைக் குச்சியால் குத்தி மூடி வேகவைத்து, பிறகு இனிப்பும் உப்புமான சோயா சாறில் ஊறவிடுவர். ஒரு பெட்டிக்கு இரண்டு அல்லது மூன்று. இதைச் சமையல் கலையின் விளைவு என்பதைவிடப் பஞ்சத்தின் விளைவு என்பதே சரி. 1941இல் போர்க்காலப் பங்கீட்டால் அரிசி கிடைப்பது அரிதாயிற்று. அருகிலிருந்த விரிகுடாவில் கணவாய் மிகுதியாகப் பிடிபட்டது. கணவாய்க்குள் இட்ட கொஞ்சம் அரிசி வெந்து உப்பினால் வயிறு நிறையும் என்று ஒரு கடைக்காரர் கணக்கிட்டார். போர் முடிந்து அரிசி மலிந்த பிறகும் அந்த உணவு போகவில்லை.

தக்காசாக்கி நகரில் 1960 முதல் 'தருமா பெந்தோ' விற்கப்படுகிறது. தருமா என்பது கை, கால் தெரியாத உருண்டையான சிவப்புப் பொம்மை. எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். வேண்டுதல் வைப்போர் அதன் ஒரு கண்ணையும், நிறைவேறியபின் மறு கண்ணையும் மையிட்டு வரைவர். இப்பொம்மை செய்வதில் தக்காசாக்கி ஜப்பானில் முதலிடம் வகிக்கிறது. தருமா என்பது போதிதர்மரின் பெயரே. தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்றதாக மரபு கூறும் அத்துறவி, காஞ்சிபுரத்தவர் என்ற நம்பிக்கை தமிழகத்தில் வலுவாக உள்ளது. அவர் முகமே இப்போது சோற்றுப் பெட்டியின் மூடி. பெட்டி இன்று சிவப்பு பிளாஸ்டிக்கில் வருகிறது. வாயில் ஒரு பிளவு உண்டு. உணவு தீர்ந்தபின் குழந்தைகளுக்கு அது உண்டியல்.

இவற்றுக்கு மாறாக, காட்டுவதற்கென்று ஒன்றும் இல்லாத நிலையமாகக் கருதப்பட்டது யோக்கோஹாமா. 1859இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட துறைமுகம் அது. பழைய கோயில் நகரங்களைப்போல ஊர்ப்பெயர் சொல்லும் பண்டம் அதற்கில்லை. தோக்கியோவிலிருந்து ரயிலில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை என்பதால் அங்கே ஏறியவர்களுக்கு இன்னும் பசி எடுத்திருக்காது. திரும்பி வருபவர்களோ இறங்கும் அவசரத்தில் இருப்பார்கள். நிலையத்தில் கடை வைத்திருந்த கியோக்கென் நிறுவனம் நகரின் சீனக் குடியிருப்பைப் பார்த்தது. அங்கே உண்ணப்பட்ட 'ஷூமாய்' என்னும் ஆவியில் வெந்த பன்றி இறைச்சிக் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு, ஆறினாலும் சுவை கெடாமலிருக்க உலர்ந்த சிப்பிச் சதையைச் சேர்த்து, ஆடும் ரயிலில் ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் செய்து 1928இல் விற்கத் தொடங்கியது. 1954இல் அது சோற்றுடன் கூடிய பெட்டியாயிற்று. இன்று யோக்கோஹாமா மக்கள் தம் ஊர் உணவு என்று முதலில் சொல்வது அதைத்தான். 'உள்ளூர் உணவு' என்றதும் பாட்டன் பூட்டன் காலத்துப் பண்டம் என்று எண்ணிக்கொள்ளும் பயணி இங்கே சற்று நிற்க வேண்டும். குடியேறியவர்களின் அடுப்பிலிருந்தும் ஒரு வணிகரின் கணக்கிலிருந்தும் ஓர் ஊரின் அடையாளம் ஒரு தலைமுறைக்குள் பிறந்துவிடலாம்.

யோக்கோகாவா: ரயில் நின்ற இடம்

எக்கிபென் வரலாற்றில் மிகவும் பேசப்படும் நிலையம் குன்மா மாவட்டத்தின் யோக்கோகாவா. பெரிய ஊரல்ல. ஆனால் அதற்கு அப்பால் உசுய் மலைக்கணவாய் இருக்கிறது. யோக்கோகாவாவிலிருந்து அடுத்த ஊரான கருயிசாவா பதினோரு கிலோமீட்டர் தொலைவுதான். அதற்குள் பாதை 550 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். செங்குத்தான இடங்களில் பதினைந்து மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம். 1893இல் இப்பாதை திறந்தபோது தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, பற்சக்கர எஞ்சின்களால் ரயிலை ஏற்றினார்கள். 1963இல் பற்சட்டம் நீக்கப்பட்டு வேறு பாதை வந்தபின்னும், ஆற்றல்மிக்க மின் எஞ்சின்கள் கூடுதலாக வந்து முட்டுக்கொடுக்காமல் எந்த ரயிலும் மலை ஏற முடியாது.

ஆகவே எல்லா ரயில்களும் யோக்கோகாவாவில் நின்றன. எஞ்சின் இணைக்கும் வரை சில நிமிடங்கள் பயணிகள் இறங்கிக் கை காலை நீட்டினார்கள். ஓகினோயா என்னும் கடைக்கு அந்தச் சில நிமிடங்களே வாழ்வு. 1885இல் ரயில் வந்த நாள்முதல் இருந்த கடை அது. ஆனால் மற்ற நிலையங்களைப் போன்ற பெட்டியையே விற்றதால் 1950களில் வணிகம் மந்தமாயிற்று. கடையை நடத்திவந்த பெண்மணி நடைமேடையில் நின்று பயணிகளிடமே என்ன வேண்டும் என்று கேட்டார். எங்கே போனாலும் ஒரே மாதிரியான ஆறிய பெட்டி சலித்துவிட்டது, சூடாக, வீட்டுச் சாப்பாடுபோல ஒன்று வேண்டும் என்பதே விடைகளின் சாரம்.

1958இல் வந்தது 'தோகே நோ கமாமேஷி', அதாவது கணவாய்ப் பானைச் சோறு. அண்டை மாவட்டமான தொச்சிகியின் மாஷிகோ ஊரில் மண்பாண்டத் தொழில் பழமையானது. அங்கே செய்த, ஒரு கையில் அடங்கும் பழுப்பு நிறப் பானையில், சாறில் வெந்த சோறு. மேலே கோழித் துண்டுகள், மூங்கில் குருத்து, ஷிடேக் காளான், கோபோ என்னும் வேர், காடை முட்டை, செஸ்ட்நட், ஒரு ஆப்ரிகாட் பழம், ஊறிய இஞ்சி. தடித்த மண்பானை சூட்டைக் காத்தது. மர அட்டைப் பெட்டிகளையே கண்டு பழகிய பயணிகளுக்கு மடியில் வெதுவெதுப்பான பானை இருப்பதே ஒரு நிகழ்ச்சியாயிற்று. ரயில் புறப்படும்போது விற்பனையாளர்கள் நடைமேடையில் வரிசையாக நின்று, வண்டி மறையும்வரை குனிந்து வணங்கினார்கள்.

1997 செப்டம்பர் 30 அன்று யோக்கோகாவாவுக்கும் கருயிசாவாவுக்கும் இடைப்பட்ட பாதை மூடப்பட்டது. மறுநாள் நாகானோ வரை அதிவேக ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. அது வேறு வழியே சுரங்கங்களின் ஊடாகச் செல்கிறது. யோக்கோகாவாவைத் தொடுவதே இல்லை. நூறாண்டுக்கும் மேல் எல்லா ரயில்களும் நின்ற நிலையம், ஒரு கிளைப்பாதையின் கடைசி நிறுத்தமாயிற்று.

கமாமேஷி அழியவில்லை. ஓகினோயா முன்னதாகவே நெடுஞ்சாலை ஓரத்தில் கடை திறந்திருந்தது. காரிலும் பேருந்திலும் வருவோர் அதன் வாடிக்கையாளர் ஆனார்கள். பழைய பாதையின் ஒரு பகுதி இன்று நடைபாதை. செங்கல் பாலங்களையும் சுரங்கங்களையும் காண வருவோர் நிலையத்தருகே பானையை வாங்கிச் செல்கிறார்கள். உண்டு முடித்த பானையை எறிய மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுபோவோர் ஏராளம். ஒருவருக்கான அரிசியை அதிலேயே பொங்கலாம். பொங்கும் முறையை நிறுவனமே சொல்லித்தருகிறது.

வேகம் வந்தபின்

யோக்கோகாவாவுக்கு நேர்ந்தது வெவ்வேறு அளவில் நாடு முழுவதும் நேர்ந்தது. 1964இல் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே முதல் ஷின்கான்சென் ஓடியது. ஆறரை மணி நேரப் பயணம் நான்கு மணியாகி, இன்று இரண்டரை மணிக்குள் முடிகிறது. வேகமான ரயிலின் சன்னல் திறக்காது. இடைநிலையங்களில் அது நிற்பதோ ஒன்றிரண்டு நிமிடம். கை நீட்டி வாங்கும் வழக்கம் மறைந்தது. நடைமேடையில் கூவி விற்பவர்கள் மிகச் சில நிலையங்களில், அதுவும் ஒரு காட்சிப்பொருள்போல எஞ்சினர். தோக்காய்தோ ஷின்கான்சென்னில் தள்ளுவண்டி விற்பனையும் 2023 அக்டோபருடன் நிறுத்தப்பட்டது. சிறுநகரங்களில் தலைமுறைகளாக இத்தொழில் செய்த குடும்பங்கள் பல கடையை மூடிவிட்டன.

அதே காலத்தில் எக்கிபென் வேறிடத்தில் செழித்தது. தோக்கியோவின் ஷிஞ்ஜுக்குவில் உள்ள கெய்யோ பல்பொருள் அங்காடி 1966 முதல் ஒவ்வொரு சனவரியிலும் எக்கிபென் விழா நடத்துகிறது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து பெட்டிகள் வந்து குவியும். சமைப்பவர்களே நேரில் வந்து செய்து காட்டுவதும் உண்டு. மோரியின் கணவாய்ச் சோறு இவ்விழாவில் பல ஆண்டுகள் விற்பனையில் முதலிடம் பெற்றது. மோரி நிலையத்தைக் கண்ணால் கண்டிராதவர்களே அதை உண்டவர்களில் மிகுதி. தோக்கியோ நிலையத்துக்குள்ளும் வடக்கு முதல் தெற்குவரை எல்லாப் பகுதிப் பெட்டிகளையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் பெரிய கடை இருக்கிறது.

இதை இரண்டு விதமாகவும் பார்க்கலாம். ரயில் வராத ஊரின் சமையற்காரருக்கு இவ்விழாக்கள் வருமானம் தருகின்றன. இல்லாவிட்டால் அந்த உணவே மறைந்திருக்கும். மறுபக்கம், தொயாமாவின் மீனைத் தோக்கியோவில் வாங்கி ஒசாக்கா போகும் வழியில் உண்பவருக்குச் சுவை கிடைக்கிறது, ஊர் கிடைப்பதில்லை. சன்னலுக்கு வெளியே ஜின்சு ஆறு இல்லை. வேகத்தை மட்டும் குற்றம் சொல்வதும் பொருந்தாது. 1992இல் யாமாகாதாவுக்கு ஷின்கான்சென் வந்தபோது, அவ்வழியிலுள்ள யோனேசாவா தன் மாட்டிறைச்சியையும் 'தொமன்னாக்கா' என்ற உள்ளூர் அரிசி வகையையும் சேர்த்துப் புதிய பெட்டி ஒன்றைப் பிறப்பித்தது. 1998இல் கோபே அருகே அக்காஷி நீரிணைப் பாலம் திறக்கப்பட்டதன் நினைவாக, ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் மண்குடத்தின் வடிவிலேயே ஆக்டோபஸ் சோறு வந்தது. பாதை மாறும்போது சில பெட்டிகள் சாகின்றன, சில பிறக்கின்றன.

பயணிக்குச் சில குறிப்புகள்

பெரிய நிலையங்களின் நுழைவுத் தடுப்புக்கு உள்ளேயும் வெளியேயும் எக்கிபென் கடைகள் உண்டு. ஊருக்கே உரிய பெட்டி வேண்டுமானால் புறப்படும் நகரத்தில் வாங்காமல், ரயில் மாறும் சிறு நிலையத்தில் தேடுவது நல்லது. பிற்பகலுக்குள் தீர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே வாங்க வேண்டும். நெடுந்தூர ரயிலில் இருக்கையின் முன்பலகையை விரித்து உண்பது இயல்பானது. நகருக்குள் ஓடும் நெரிசல் ரயில்களில் உண்பதை மக்கள் விரும்புவதில்லை.

சைவ உணவினர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காய்கறிகள் மட்டுமே தெரியும் பெட்டியிலும் அவை பெரும்பாலும் 'தாஷி' எனப்படும் மீன் சாறில் வெந்திருக்கும். பெட்டியின் பின்புறம் உட்பொருள்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் பலவற்றில் ஜப்பானிய மொழியில் மட்டுமே. கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கருவி இங்கே உதவும். அதே ஒட்டுத்தாளில் எந்த நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதும் நாள், மணி குறித்து எழுதப்பட்டிருக்கும். வெற்றுப் பெட்டிகளை ரயில் பெட்டிகளின் கோடியிலோ நடைமேடையிலோ உள்ள குப்பைத்தொட்டிகளில் வகைபிரித்து இடலாம். பானையானால் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.